கைமுட்டுக்கு உள்ளே

எனக்கு மலையாளம் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த நம்பிக்கையும் என் முகத்துத் தோலும் ஒரே வாரத்தில் சேர்ந்து உரிந்தன.

நான் பிறந்தது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், நெல்லும் கடலைக்காயும் விளைகிற வீட்டில். மாநிலம் கேரளம், பேச்சு கோயமுத்தூர்த் தமிழ். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், தாலுகா ஆபீசில் மலையாளக் குமாஸ்தா. எங்கள் பக்கத்தில் மலையாளத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஆனால் தெரியாது என்றும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. 'மனசிலாயி' என்று ஒரு சொல் இருக்கிறது, புரிந்தது என்று பொருள். எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி இதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லை நான் அவ்வளவு அழகாகச் சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி, மலைமேல் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் குடிபோனேன். கணவர் அங்கே சூப்பர்வைசர். எங்கள் சனம்தான், தூரத்து உறவு. அவருடைய அப்பா காலத்திலேயே மலையேறிவிட்ட குடும்பம். அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் துளியும் பிடிக்கவில்லை. தன் அண்ணன் மகனுக்கு என்னைக் கொடுத்துக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொள்ள நினைத்திருந்தாள். அப்பா இந்தச் சம்பந்தத்துக்குச் சரி என்றார், நானும் சரி என்றேன். நான் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்த வேகத்தை அம்மா மன்னிக்கவே இல்லை.

"போ, போ. மலைக்குப் போனா மூஞ்சி சருகாட்ட ஆயிரும். தண்ணி சொமந்து வெறகு சொமந்து கையெல்லாங் காச்சுப் போயிரும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாதெ" என்றாள்.

இதில் மூஞ்சி மட்டும்தான் என் காதில் தங்கியது. அந்த வயதில் யாருக்குக் கையைப் பற்றிக் கவலை?

எங்கள் அக்காவின் கணவரை அம்மா வாய் நிறைய 'மாப்ளைங்க, மாப்ளைங்க' என்று கூப்பிடுவாள். என் கணவருக்கு அவள் வைத்த பெயர் 'மலைக்காரரு'. அதையும் நேரே சொல்லிக் கூப்பிடமாட்டாள். விருந்துக்குப் போயிருந்தபோது, இலைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்க, கையில் ரசக் கிண்ணத்தோடு அவர் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு என்னிடம், "மலைக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்றாள். அவரும் என்னைப் பார்த்து, "வேணும்னு சொல்லு புள்ள" என்றார். நடுவில் நான் தபால்காரி மாதிரி நின்றேன். வெளியே வந்ததும் அவர் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா வாயால் ஒரே ஒரு தடவை இவரை மாப்பிள்ளை என்று சொல்லவைக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டேன்.

தோட்டத்தில் எங்கள் வீடு மேட்டில் இருந்தது. தண்ணீர் பள்ளத்து ஓடையில் இருந்தது. போன புதிதில் சமவெளிக்காரியின் மிடுக்கோடு இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு இறங்கினேன். குடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மிடுக்கு ஒரு பக்கமாக உருண்டோம். மறுநாளிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் எழுவதற்கு முன்னால் கணவரே போய்த் தண்ணீர் எடுத்துவந்துவிடுவார். விறகு பிளப்பதும் அவர்தான். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று தெரிந்தால் பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் எடுக்கும்போது, சிரிப்பாகச் சிரிப்பார்கள் என்பதால் அது எங்கள் இருவருக்குள் இருந்த ரகசியம். இப்படி வேலையெல்லாம் பறிபோனதால் எனக்குக் கண்ணாடி பார்க்க நேரம் நிறையக் கிடைத்தது.

கண்ணாடியில் நல்ல சேதி ஒன்றும் இல்லை. மலைக்காற்றில் கன்னம் வெள்ளைப் பொருக்காகி, அதன்மேல் இரண்டு பக்கமும் கருந்திட்டு விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், முழுக்கக் கூடியிருக்கும் வீட்டுக்கு, இந்த முகத்தோடு போய் இறங்க வேண்டும். அம்மா சொன்னது பலித்துவிட்டது என்றாகும். பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவர் என்று இவருக்குப் பட்டம் கிடைக்கும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் மலைக்காரர்தான். இவர் மாப்பிள்ளை ஆவதும் ஆகாமல் போவதும் என் கன்னத்தில்தான் இருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, மூஞ்சிக்கு எதாச்சும் வாங்கிட்டு வாங்க" என்றேன். வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலத்துக்குத் தோட்டத்துச் சரக்கோடு போனவர் ஒரு வெள்ளைப் புட்டியோடு திரும்பினார். மூடியில் ஒரு பெண் படம். அந்தப் பெண் அதைப் பூசியதால் அப்படி ஆனாளா, அப்படி இருந்ததால் படத்தில் போட்டார்களா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கூட இருந்த தாளில் இங்கிலீஷும் இந்தியும் பொடி எழுத்தில் இருந்தன. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

உடனே பூசிவிடவில்லை. நான் விவசாயி மகள். அப்பா எந்தப் புது உரத்தையும் வயல் முழுக்கப் போடமாட்டார். மடைக்குத் தூரமான மூலையில் ஒரு பிடி தூவிவிட்டு, பயிர் பச்சை கட்டுகிறதா, கருகுகிறதா என்று பார்ப்பார். ஊருக்குள் யூரியா வந்த புதிதில் பக்கத்துக் காட்டுக்காரர் ஆசை ஆசையாக வாரி இறைத்து வயலையே கருக்கினார். அப்பாவுக்குக் கருகியது ஒரு மூலைதான். ஆகவே மூலையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முகத்துக்கு எது மூலை என்பதுதான் தெரியவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் கோட்டயம் பக்கத்து மலையாளி. காய்ச்சலுக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே என் புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆத்யம் முகத்து இடண்டா. கைமுட்டின்டெ உள்ளில் கொறச்சு புரட்டி நோக்கு. ஒரு திவசம் கழிஞ்ஞு ஒந்நும் இல்லெங்கில் முகத்து இட்டோ."

முதலில் முகத்தில் போடாதே என்கிறார். ஒரு நாள் கழித்து ஒன்றும் ஆகாவிட்டால் முகத்தில் போட்டுக்கொள் என்கிறார். நடுவில் இருப்பதில் மட்டும் என்ன கஷ்டம்? கைமுட்டி என்றால் மடக்கிய கை. அதன் உள்ளே என்றால் உள்ளங்கை. புரட்டி நோக்கு என்றால் கையைப் புரட்டிப் பார். பச்சைத் தமிழ் மாதிரியே இருக்கிறது.

"மனசிலாயி" என்றேன், அழகாக.

வீட்டுக்கு வந்து இடது உள்ளங்கையில் கிரீமை வைத்துக் கையை மூடினேன். கைமுட்டிக்கு உள்ளே என்று சொன்னதால் மூடியே இருக்க வேண்டும் அல்லவா? என்னையறியாமல் திறந்துவிடக் கூடாது என்று கிழிந்த வேட்டித் துண்டால் கட்டும் போட்டுக்கொண்டேன். ஒரு கையால் தோசை வார்த்தேன், ஒரு கையால் சட்னி அரைத்தேன். குழவி என் பேச்சைக் கேட்காமல் அம்மியை விட்டு உருண்டது. அவ்வப்போது கட்டுப்போட்ட கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். புறங்கை ஒரு மாற்றமும் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா தேவாரம் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தாயி, கைய மூடிக்கிட்டே திரியிற? எதும் நேந்துக்கிட்டியா?" என்றார்.

"இல்லீங்கக்கா, நாளைக்குத்தான் தெரியும்" என்றேன்.

அது போதாதா? கல்யாணமாகி வருஷம் ஒன்று ஆகிறது, வயிற்றில் ஒன்றும் இல்லை, கையை மூடிக்கொண்டு விரதம் இருக்கிறாள், நாளைக்குத் தெரியுமாம். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் சேதி போய்விட்டது. அந்த அக்கா காகிதத்தில் திருநீறு மடித்துக் கொண்டுவந்து, "கண்டிப்பாக் குடுப்பான் தாயி" என்று என் நெற்றியில் பூசிவிட்டுப் போனார். அதுதான் அந்த வாரத்தில் என் முகத்துக்கு நல்லது செய்த ஒரே பொருள்.

கணவர் வந்து கட்டைப் பார்த்தார். "கம்பவுண்டர் சொன்னாருங்க" என்றேன். அவருக்கு மலையாளம் தாய்மொழி மாதிரி. என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வைத்தியர் சொன்னதைக் கேள்வி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சோற்றைப் பிசைந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் கட்டைப் பிரித்தேன். உள்ளங்கை கமகமவென்று மணந்தது. சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை. சோதனையில் பாஸ். கொத்தனார் சுவருக்குச் சாந்து பூசுவது போல நெற்றியிலிருந்து கழுத்து வரை அப்பினேன். மூலை கருகவில்லை, இனி வயல் முழுக்கப் போடலாம் என்கிற தைரியம்.

கொஞ்ச நேரத்தில் எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆகவே இன்னும் கொஞ்சம் வேலை செய்யட்டும் என்று மேலும் ஒரு விரல் எடுத்துப் பூசினேன். கழுவும்போது கன்னம் கைக்குப் புதிதாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய கன்னம் எனக்குக் கிடையாதே என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணாடியை எடுத்தேன்.

சாயங்காலம் கணவர் கதவைத் திறந்தார், பார்த்தார், கதவைச் சாத்தினார். பிறகு மறுபடியும் திறந்தார்.

"என்ன புள்ள இது?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுங்க."

முகம் ஆப்பம் போல உப்பி, நடுவில் கண் இரண்டும் கீற்றாகிவிட்டிருந்தன. சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. அவர் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு என்னை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்.

கம்பவுண்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "எவிடெயா புரட்டி நோக்கியது?" என்றார். நான் இடது கையை விரித்துக் காட்டினேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இதா கைமுட்டு! இது!"

"அது மொழங்கைங்க" என்றேன். வீங்கிய உதட்டோடு நான் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்.

கணவர் நடுவில் வந்து இரண்டு பக்கமும் விளக்கினார். அவர்கள் மொழியில் கைமுட்டு என்றால் முழங்கை. அதன் உள்பக்கம், மடக்குகிற இடத்தில், தோல் மெல்லியது, முகத்துத் தோல் மாதிரி. அங்கே ஆகாதது முகத்துக்கும் ஆகாது. புரட்டு என்றால் பூசு, புரட்டிப் போடு என்று அர்த்தம் இல்லை. உள்ளங்கைத் தோலோ மனித உடம்பிலேயே தடித்த தோல்களில் ஒன்று. அதில் எதைப் பூசினாலும் அது ஒன்றும் சொல்லாது. நான் முகத்தின் நன்மை தீமையை விசாரிக்கப் போனது செருப்பிடம்.

"மனசிலாயோ?" என்றார் கம்பவுண்டர். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அவர் ரோஸ் நிறத்தில் ஒரு லோஷன் கொடுத்தார். ஊருக்குப் போனால் அங்கே டாக்டரிடம் காட்டுங்கள், கிரீம் புட்டியையும் மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

போகாமலே இருந்துவிடலாமா என்று கணவரிடம் கேட்டுப் பார்த்தேன். "தம்பி கல்யாணத்துக்குப் போவாம இருப்பியா?" என்றார். "எங்கம்மா உங்களெத்தாங்க பேசும்" என்றேன். "பேசட்டும். இப்பவும் எங்கிட்ட எங்க பேசறாங்க?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரித்தால் தோல் வெடித்தது.

கிளம்பும்போது வீக்கம் வடிந்து தோல் உரியத் தொடங்கியிருந்தது. அதன்மேல் லோஷன் காய்ந்து, கூத்துக்கு வேஷம் கட்டிப் பாதியில் இறங்கிவந்தவள் போல இருந்தேன். பூப்பாறை வரை ஜீப், பிறகு பஸ். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். போடிமெட்டு செக்போஸ்டில் ஏலக்காய் கடத்துகிறார்களா என்று பார்க்க ஏறியவர் கண்ணில் முதலில் பட்டது நான்தான். மூடி மறைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் வேறு என்ன நினைப்பார்? "துணிய எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். "மூடிக்கங்கம்மா, மூடிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக்கூடப் பார்க்காமல் இறங்கிப்போனார். அந்த பஸ்ஸில் யாராவது ஏலக்காய் வைத்திருந்தால் அவர்கள் எனக்கு ஒரு பங்கு கொடுத்திருக்க வேண்டும்.

போடி இறங்கி, பழனி வழியாகப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை. வழியெல்லாம் அம்மாவின் முகம்தான் என் முன்னால் இருந்தது. பளபளவென்று போய் இறங்கி இவரைத் தலைநிமிர வைக்க வேண்டும் என்று நினைத்தவள், இவரைத் தலைகுனிய வைக்கத் தேவையானதையெல்லாம் முகத்திலேயே எழுதிக்கொண்டு போகிறேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் பார்க்காதது மாதிரி பழம் உரித்துக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அக்காவின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒறம்பரை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, கடலைக்காய் மூட்டை அடுக்கிய அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அடிக்கறானா?"

அவள் அவரை அவன் என்று சொன்னது அதுதான் முதலும் கடைசியும். நான் பயந்ததைவிட நூறு மடங்கு மோசமான ஒன்றை அவள் நினைத்துவிட்டாள்.

"ஐயோ இல்லீங்கம்மா! கிரீமுங்க. மூஞ்சிக்குப் போட்டனுங்க. மொழங்கையில போட்டுப் பாக்கச் சொன்னாங்க, நான் உள்ளங்கையில போட்டுட்டனுங்க" என்று என்னென்னவோ உளறினேன். உண்மை அவ்வளவு முட்டாள்தனமாக இருந்தால் யார்தான் நம்புவார்கள்? அவளும் நம்பவில்லை.

"கையெக் காட்டு" என்றாள்.

நான் இடது கையை நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிட்டு வலது கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். விரல்களின் அடியில் கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தடவினாள். கல்யாணத்துக்கு முன்னால் களைக்கொத்துப் பிடித்தும் மாட்டுக்குப் புல் அறுத்தும் அந்த இடத்தில் எனக்குக் காய்ப்பு இருந்தது. அவளுக்கு அது தெரியும். அவள் கையிலும் அதே இடத்தில் இருந்தது, இன்னும் தடிப்பாக.

"காய்ப்பெல்லாம் எங்கெடி?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில் நான் என் கையைப் பார்க்கவே இல்லை.

"தண்ணி ஆரு எடுக்கறா?"

சொல்லலாமா என்று தயங்கினேன். ரகசியம் அவருடையது. "அவியதானுங்க" என்றேன்.

"வெறகு?"

"அவியதானுங்கம்மா."

அம்மா இடது கையையும் எடுத்துத் தடவினாள். "இதென்ன, இது இன்னும் வழுவழுன்னு இருக்குது?"

"அதுலதானுங்க கிரீமு போட்டுப் பாத்தது."

இப்போதுதான் அவள் என் கதையை நம்பினாள். நம்பியதும், "உனக்கு எப்பத்தாண்டி புத்தி வரும்" என்று தலையில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு அம்மா கதவைத் திறந்தாள். கணவர் பந்தக்கால் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது. கையில் அந்த வெள்ளைப் புட்டி இருந்தது, யாராவது கேட்டால் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

"மாப்ளைங்க" என்று அம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

அக்காவின் கணவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"உங்களெ இல்லீங்க. சின்ன மாப்ளைங்களெ." அம்மா இவரை நேராகப் பார்த்தாள். "அந்தப் புட்டிய எங்காச்சுந் தூரக் கொண்டுபோயி வீசிப்போட்டு, கையெக் கழுவிட்டுச் சாப்புட வாங்க. எலை போட்டாச்சுங்க."

அவர் புட்டியோடு கிணற்றுப் பக்கம் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது, அம்மா ரசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கையைக் கழுவப் போனவர் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. என்னங்க என்று மெதுவாகக் கேட்டேன்.

"கிரீமு பட்டுருச்சு புள்ள" என்றார்.